தெத்துப்பல் விஷயமாக

ஜனவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுவது. நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் எப்படி இருக்கிறீர்கள்? போன கடிதத்தில் முதுகுவலி என்று எழுதியிருந்தாயே, நாற்காலியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாயா, இல்லை வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாயா?

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் திறக்க இடம் கிடைப்பதில்லை. இது நான் வாய் திறந்த கதை. அதனால் கடிதம்.

நேற்று மதியம் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டுப் பல் டாக்டரிடம் போனேன். வலி ஒன்றும் இல்லை. பல்லை நேராக்கிக்கொள்ள முடியுமா என்று கேட்கப் போனேன். சிரிக்காதே. நாற்பத்தாறு வயதில் இவளுக்கு என்ன வந்தது என்று நீ நினைப்பது இங்கே வரை கேட்கிறது.

டாக்டர் சின்னப் பெண். "கம்பி கட்டணுமா?" என்று கேட்டேன். "வேண்டாம்மா. கண்ணாடி மாதிரி ஒரு உறை. அலைனர்னு பேரு. போட்டிருக்கறதே வெளியில தெரியாது" என்றார். முன்பெல்லாம் மாவு மாதிரி எதையோ வாயில் அப்பி அச்சு எடுப்பார்களே, அதுவும் இப்போது இல்லையாம். தடித்த பேனா போல ஒரு கருவி, நுனியில் வெளிச்சம். அதைக் கடைவாயில் வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தார். எதிரே திரையில் என் பற்கள் ஒவ்வொன்றாக முளைத்து வந்தன. தினமும் ஊரார் முகத்தையெல்லாம் படமெடுக்கிறவள் நான். என் வாயை நான் முழுதாகப் பார்த்தது நேற்றுத்தான். மேலிருந்து, பின்னாலிருந்து, நாக்கு உட்கார்ந்து பார்க்கிற இடத்திலிருந்து, எப்படி வேண்டுமானாலும் திருப்பிக் காட்டுகிறார். பேருந்தில் இடம் பிடிக்க முண்டியடிக்கிற கூட்டம் மாதிரி முன்பற்கள். எல்லோர் தோளிலும் ஏறி நின்றுகொண்டு எட்டிப் பார்க்கிறது என் தெத்துப்பல்.

இந்த ஸ்கேன் எங்கே போகும் என்று கேட்டேன். உறையை வடிவமைக்கிற கம்பெனியின் பெயரைச் சொன்னார். உன் கம்பெனி! "அங்கதான் என் நாத்தனார் வேலை பார்க்கறா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த கண்ணாடி தரையில் விழுந்தது. ஊழியரின் குடும்பம் என்றால் உன் மேசைக்கே வரும்படி கேட்கலாமாம். உனக்குச் சம்மதமா? என் வாயில் யாரோ கை வைப்பதற்கு நீ வைப்பது மேல்.

ஸ்டுடியோ படங்களுக்குச் சட்டம் போடுகிற பிரேம்காரர் கண்ணாடி வெட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறார். நிறுத்துகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


ஜனவரி 25

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே இருவரும் சௌக்கியம். முதுகுவலி போய்விட்டது. நாற்காலி மாறவில்லை, நான்தான் நிமிர்ந்து உட்காரப் பழகிவிட்டேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படியில் ஓடி ஓடி ஏறாதீர்கள்.

உங்கள் வாய் வந்து சேர்ந்தது! இப்போது இதை எழுதும்போதுகூட என் திரையில் இருக்கிறது. சூப்பர்வைசர் சம்மதித்துவிட்டார். "சொந்தக்காரங்க கேஸ்னா கை தடுமாறும். முடிச்சதும் நான் ஒரு தடவை பார்ப்பேன்" என்று ஒரே ஒரு நிபந்தனை.

முதல் வேலை சுத்தம் செய்வது. ஸ்கேன் எடுக்கும்போது கன்னச் சதை, உதடு, எச்சில் மினுக்கம் எல்லாம் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அவற்றை வெட்டித் தள்ள வேண்டும். உங்கள் மாடலில் கீழ்வரிசைக்கு உள்பக்கம் ஒரு மேடு. இது என்ன எலும்பு, ஏதாவது கட்டியா என்று பதறிப்போனேன். பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "எலும்பு இல்லடி, நாக்கு. டாக்டர்கிட்டப் பேசிக்கிட்டே ஸ்கேன் எடுத்திருக்காங்க" என்றாள். ஆக, உங்கள் நாக்கை வெட்டிய முதல் ஆள் நான். அண்ணன் இருந்திருந்தால் எனக்கு விருதே கொடுத்திருப்பார்.

அடுத்தது பற்களைத் தனித்தனியாகப் பிரிப்பது. எக்ஸ்ரேயை வைத்து ஒவ்வொன்றின் வேரும் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பல்லும் எங்கே போய் நிற்க வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும், யார் முதலில் நகர்ந்து யாருக்கு இடம் விட வேண்டும் என்று நான் முடிவு செய்வேன். ஒரு உறைக்கு மிகச் சிறிய அளவுதான் நகர்த்தலாம். அவசரப்பட்டால் பல் மட்டும் சாயும், வேர் அதோடு சேர்ந்து வராது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு அச்சு தயாராகும். அச்சின் மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டை இழுத்து அழுத்தினால் அந்தக் கட்டத்துக்கான உறை. பல் இப்போது இருக்கிற அளவுக்கு இல்லை, அடுத்து இருக்கப்போகிற அளவுக்குத் தைத்த சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டைக்குள் நுழையப் பல் தானே நகரும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அண்ணன் போய் ஏழு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் நீங்கள் உங்களுக்கென்று கேட்ட முதல் காரியம் இதுதான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஏன் இப்போது?

அன்புடன்,
வாலு


பிப்ரவரி 13

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கிறது, நான்தான் கேட்பதில்லை. உங்கள் பக்கம் குளிர் குறைந்ததா?

நீ அனுப்பிய திட்டத்தை டாக்டர் நேற்றுத் திரையில் ஓட்டிக் காட்டினார். அடடா! முண்டியடித்துக்கொண்டிருந்த பற்களெல்லாம் "நீங்க முதல்ல போங்க" என்று மரியாதையாக விலகி, திரும்பி, வரிசையில் போய் நின்றன. மறுபடி மறுபடி ஓட்டச் சொன்னேன். வெளியே காத்திருந்தவர் கதவைத் தட்டிவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம். எல்லோரும் நகர்ந்தார்கள், தெத்துப்பல் மட்டும் அசையவே இல்லை. ஊரே கலைந்து போன பிறகும் மேடையை விட்டு இறங்காத பேச்சாளர் மாதிரி அங்கேயே நிற்கிறது. டாக்டர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "இதை ஏன் விட்டுட்டாங்க?" என்றார். உன்னைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். மறந்துவிட்டாயா?

ஏன் இப்போது என்று கேட்டிருந்தாய். ரொம்ப நாளாக இருந்த எண்ணம்தான்.

வேறு விசேஷம் இல்லை. பிரேம்காரரிடம் உன் வேலையைப் பற்றிச் சொன்னேன். மனிதர் உளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டார். "எங்க வேலையும் இதுதாங்க. மூலை ஒழுங்கா சேரலைன்னா நடுவுல என்ன படம் வெச்சாலும் எடுபடாது" என்றார். அவர் சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறேன் என்பது அவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. "யார்கிட்ட மறைக்கறீங்க, இங்க நானும் சுத்தியலும்தானே இருக்கோம்" என்றார். இதையெல்லாம் எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. காகிதத்தில் இடம் இருந்தது.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அண்ணி


பிப்ரவரி 28

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நாங்கள் நலம். நலம் அறிய ஆவல்.

தெத்துப்பல் விஷயமாக. அது கோரைப்பல். வாயிலேயே மிக நீளமான வேர் அதற்குத்தான். மேலே ஏறி, கொஞ்சம் திரும்பியும் இருக்கிறது. இந்த மாதிரிப் பல்லை உறை சரியாகப் பிடிக்காது, வழுக்கும். கீழே இறக்குவது சிரமம். நாளும் அதிகம் ஆகும். அதனால் அதை அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றைச் சீராக்குவதே நல்லது என்று நினைக்கிறேன். பார்க்கவும் ஒன்றும் மோசமாக இல்லை. பலர் அதை அழகு என்று சொல்வார்கள்.

டாக்டரிடம் இதைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டால் உறை தயாரிக்க அனுப்பிவிடலாம்.

பிரேம் போடுகிறவர் புதியவரா? முன்பு வயதான ஒருவர் வருவாரே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வாலு


மார்ச் 12

அன்புள்ள வாலுவுக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்கிறாயா என்பதுதான் சந்தேகம். உன் கடிதத்தில் ஒரு கிண்டல்கூட இல்லை. நீ எழுதியதுதானா என்று கையெழுத்தை ஒருமுறை சரிபார்த்தேன்.

டாக்டரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "கஷ்டம்தான், ஆனா முடியாதது இல்லம்மா. பல்லு மேல பல்லு நிறத்துலயே சின்னதா ஒரு பொட்டு ஒட்டினா உறை புடிச்சுக்கும். பக்கத்துப் பல்லைக் கொஞ்சம் தேய்ச்சு இடம் பண்ணினா இறங்கி வந்துடும். அவங்களுக்கு இது தெரியாம இருக்காதே" என்றார்.

தெரியாமல் இருக்காதுதான். எனக்கும் தெரியும்.

உன் அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "தெத்து, தண்ணி குடு. தெத்து, என் கண்ணாடி எங்க?" வந்தவர் போனவர் முன்னாலெல்லாம் தெத்துதான். அந்தப் பல்லை அவருக்கு அவ்வளவு பிடிக்கும். அவருக்கு அது பிடித்திருக்கிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால், வாலு, அந்தப் பல் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. பிரஷ் போகாது. உதட்டின் உள்பக்கம் உரசிப் புண்ணாகும். ஸ்டுடியோவில் எல்லோரையும் "சிரிங்க, சிரிங்க" என்று சொல்லிவிட்டு நான் உதட்டை இறுக்கிக்கொள்வேன். இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள் முன்னால் வாய்விட்டுச் சிரித்தேன். அது போதும் போல இருந்தது. அவர் போன பிறகு அந்த ஓர் இடமும் இல்லாமல் போயிற்று.

பிரேம்காரர் புதியவரா என்று கேட்டிருந்தாய். வயதானவர் ஓய்வு எடுத்துக்கொண்டார். இவர் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மனைவி தவறிப் பல காலம், குழந்தைகள் இல்லை. போன டிசம்பரில் ஸ்டுடியோ சுவரில் படம் மாட்ட ஏணியில் ஏறியவர், வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு ஏதோ சொன்னார். "என்ன சொல்றீங்க, ஒண்ணும் புரியல" என்றேன். மறுபடி சொன்னார். மறுபடியும் புரியவில்லை. கடைசியில் ஆணியெல்லாம் உள்ளங்கையில் துப்பிவிட்டு, காதெல்லாம் சிவந்துபோய், "நாம ரெண்டு பேரும் சேர்ந்தே இருந்துட்டா என்னன்னு கேட்டேங்க" என்றார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கையை விட்டுவிட்டேன். நல்லவேளை, விழவில்லை.

உன்னிடம் நான் அனுமதி கேட்கவில்லை, வாலு. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரியாமல் சந்தோஷப்பட எனக்கு வரவில்லை. என் நாத்தனாரின் கடிதம் வரட்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பல்லைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை நான். கொஞ்சம் இடம் மாறி நிற்கச் சொல்கிறேன். அப்போதும் அது என் வாயில்தான் இருக்கும்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணி


ஏப்ரல் 15

அன்புள்ள வாலுவுக்கு,

நான் நலம். அங்கே எல்லோருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

கோபமாக இருந்தால் கோபமாக எழுது. நீ பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து உன் கோபத்தைப் பார்த்தவள் நான். உன் மௌனம்தான் எனக்குப் பழக்கமில்லை.

பல் காத்திருக்கும். பிரேம்காரரும் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டார். போன வாரம் முழுக்க எதையும் கேட்காமல் வந்து, எதையும் கேட்காமல் போனார். ஒரு சட்டத்தை மட்டும் தலைகீழாக மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனதுக்குத்தான் கொஞ்ச நாள் சரியில்லை. இப்போது சரி. உங்களுக்கு முழங்கால் எப்படி?

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் அழுதேன். பிறகு உங்கள் மேல் கோபம் வந்தது. பிறகு என் மேல். எந்தக் கோபத்தோடும் உங்களுக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன், அதில் நாள் ஓடிவிட்டது.

அண்ணன் உங்களை முதல்முறை வீட்டுக்கு அழைத்து வந்த நாள் நினைவிருக்கிறதா? எனக்கு அம்மா, அப்பா எல்லாம் அண்ணன்தான். அவரைப் பங்கு போட யாரோ வருகிறாள், அவளிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று முடிவு செய்து கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நீங்கள் எட்டிப் பார்த்து, "யாரது, கதவுக்குக் கால் முளைச்சிருக்கு?" என்று சிரித்தீர்கள். முதலில் தெரிந்தது அந்தப் பல்தான். அதற்குப் பிறகு உங்களை எப்படி வெறுப்பது?

திரையில் அந்தப் பல்லைப் பார்த்ததும் கை வரவில்லை, அண்ணி. மற்ற பற்களை நகர்த்தும்போது நான் வேலை செய்கிறேன். அதன் மேல் அம்புக்குறியை வைத்தால் அண்ணனின் பொருளை எடுத்து வேறு இடத்தில் வைப்பது போல இருந்தது. வேர் நீளம், உறை வழுக்கும் என்று நான் எழுதியது பொய் இல்லை, ஆனால் அதற்காக விடவில்லை. சூப்பர்வைசரும் அன்றே கேட்டார், அவரிடமும் அதே பதில்தான்.

தபால்காரரைப் பற்றி எழுதியிருந்த உங்கள் கடிதம் வந்த காலை இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "அந்தப் பல்லை நீ வருஷத்துக்கு ஒரு தடவை பார்ப்ப. அவங்க தினம் கண்ணாடியில பார்க்கறாங்க. யார் சொல்றது சரியா இருக்கும்?" என்றார். இவர் ஒரு வாரத்துக்குப் பேசுகிற பேச்சு இவ்வளவுதான். அதையும் இப்படி உபயோகித்துவிட்டார்.

அன்று மதியம், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, உங்கள் மாடலைத் திறந்தேன். பக்கத்துப் பற்களுக்கு நடுவே இடம் செய்தேன். தெத்துப்பல்லின் மேல் பொட்டு வைத்தேன். முதலில் பின்னுக்கு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே, கடைசியில் ஒரு சிறு திருப்பம். ஓட்டிப் பார்த்தேன். மேடையை விட்டு இறங்காத உங்கள் பேச்சாளர் இறங்கி வந்து வரிசையில் நின்றார்.

கண் இல்லை, மூக்கு இல்லை, உதடு இல்லை. வெறும் பல்வரிசை. ஆனாலும் அது அண்ணி என்று தெரிந்தது. தெத்து இல்லாமலும் தெரிந்தது. அது இல்லாவிட்டால் உங்களை அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்றுதான் நான் பயந்திருக்கிறேன் போலிருக்கிறது.

சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே" என்றார். "முதல்ல வரல சார்" என்றேன். திட்டம் நேற்றே டாக்டருக்குப் போய்விட்டது.

அந்த மனிதரை ஏணியிலிருந்து இறங்கச் சொல்லுங்கள். என் அண்ணியைக் கேட்கிறவர் தரையில் நின்று, வாயில் ஆணி இல்லாமல், ஒழுங்காகக் கேட்கட்டும். தலைகீழாக மாட்டிய சட்டத்தையும் திருப்பி மாட்டட்டும்.

அன்புடன்,
வாலு


ஜூன் 5

என் அன்பு வாலுவுக்கு,

நலம், நலம், நலம். நீயும் வாரத்துக்கு ஒருமுறை பேசுகிற உன் வீட்டுக்காரரும் நலமா? அவருக்கு என் தனி வணக்கம்.

தரையில் நின்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னது அவருக்குப் புரியவில்லை, ஏனென்றால் அன்று காலையில்தான் முதல் உறை போட்டிருந்தேன். "சரி" என்றால் "ஷரி" என்று வருகிறது. "சந்தோஷம்" என்றால் காற்றுதான் வருகிறது. "என்னங்க, புரியல" என்றார். அவர் ஏணியில் நின்று சொன்னது எனக்குப் புரியாததற்கு இது சரியாகப் போயிற்று. தலையை ஆட்டிக் காட்டினேன்.

இரண்டு நாள் பல்லெல்லாம் இறுக்கிப் பிடித்தது போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன் என்று எழுத வந்தேன், கடித்தால்தான் வலி. இப்போது பழகிவிட்டது. சாப்பிடும்போது மட்டும் கழற்றுகிறேன். கழற்றினால் உடனே பிரஷ், உடனே போட வேண்டும். கண்டதையும் கொறிக்கிற பழக்கம் போய்விட்டது. ஒரு பிஸ்கட்டுக்கு இத்தனை சடங்கு யார் செய்வது?

இனி நடந்ததைக் கேள். போன வாரம் நானும் அவரும் பேருந்து நிலையத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். உறையைக் கழற்றிக் காகிதக் கைக்குட்டையில் சுற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். டாக்டர் கொடுத்த டப்பா பைக்குள்ளேயே இருந்தது, திட்டாதே. சாப்பிட்டு முடித்து, கை கழுவி, தெருவுக்கு வந்த பிறகு நினைவு வந்தது. ஓடினோம். மேசை பளிச்சென்று துடைத்திருந்தது. கடைக்காரர் மூலையில் இருந்த பெரிய குப்பைத் தொட்டியைக் கையால் காட்டினார்.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். இவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு உள்ளே கை விட்டார். கசங்கிய காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்க்கிறார். சாப்பிடுகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒருவர் என்னிடம் வந்து மெதுவாக, "பாவம், பசியாம்மா அவருக்கு?" என்று கேட்டார். "இல்லங்க, என் பல்லைத் தேடறாரு" என்றேன். அவர் என் வாயைப் பார்த்தார். பல் எல்லாம் இருக்கிறது. மெல்லத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

கிடைத்தது! கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு இவர் போட்ட சத்தம் இருக்கிறதே! நான் சிரித்த சிரிப்பில் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து நன்றாகக் கழுவி, டாக்டரிடம் கேட்ட பிறகுதான் போட்டேன்.

இடது பக்கம் தெத்துப்பல்லுக்கும் உறைக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி தெரிகிறது. அது சரியா?

உன் அண்ணி


ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் படித்தது தவறு. சூப்பர்வைசர் வந்து, "என்ன சிரிப்பு?" என்றார். படித்துக் காட்டினேன். இப்போது எங்கள் பிரிவில் யாருடைய உறை தொலைந்தாலும் "பிரேம்காரரைக் கூப்பிடு" என்கிறார்கள்.

இடைவெளி என்றால் பல் கொஞ்சம் பின்தங்குகிறது என்று அர்த்தம். கவலை வேண்டாம், அடம் பிடிக்கிற பல் என்று நமக்கு முன்பே தெரியும். டாக்டரிடம் மெல்லுகிற ரப்பர் துண்டு கேட்டு வாங்கி, அந்தப் பக்கத்தில் வைத்து மென்று மென்று கடியுங்கள். உறை நன்றாக உட்காரும். அடுத்த உறைக்கு மாறுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்வார், அவசரப்படாதீர்கள். தேவைப்பட்டால் மறுபடி ஸ்கேன் எடுத்து இடையிலிருந்து புதிதாகத் திட்டம் போட்டுத் தருகிறேன். அப்போது மட்டும் நாக்கைச் சும்மா வைத்துக்கொள்ளுங்கள்.

குப்பைத் தொட்டியில் கை விட்டவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தேதி வைத்தாயிற்றா? எனக்கு முதலில் தெரிய வேண்டும்.

அன்புடன்,
வாலு


செப்டம்பர் 8

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா? இங்கே மழை. ஸ்டுடியோ கூரையில் இவர் தகரம் மாற்றிக்கொண்டிருக்கிறார். அதனால் கடிதம் முழுக்க டொக் டொக் சத்தத்தோடு படி.

அடுத்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, பதிவு அலுவலகத்தில். ஆடம்பரம் ஒன்றும் இல்லை. கையெழுத்து, பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு சாப்பாடு. டப்பாவை மறக்காமல் எடுத்து வருவேன்.

ரப்பரைக் கடித்துக் கடித்து இடைவெளி மறைந்துவிட்டது. தெத்துப்பல் பாதி வழி வந்திருக்கிறது. மேலே ஏறி நின்றவர் இப்போது படிக்கட்டின் நடுவில் நிற்கிறார். கல்யாணத்துக்குள் முழுசாக இறங்காது என்று டாக்டர் வருத்தப்பட்டார். "தேதியைத் தள்ளி வெச்சுக்கலாமாம்மா?" என்றுகூடக் கேட்டார். "பல்லு மெதுவா வரட்டும், நான் முன்னால போறேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு விஷயம். எனக்குப் பிறந்த வீட்டு ஆட்கள் என்று யாரும் இல்லை என்பது உனக்குத் தெரியும். சாட்சிக் கையெழுத்துப் போட என் பக்கத்தில் ஒருவர் வேண்டும். பக்கத்துக் கடைக்காரரைக் கேட்கலாம், வருவார். ஆனால் நான் யாரைக் கேட்க விரும்புகிறேன் என்று உனக்கு எழுதித்தான் தெரிய வேண்டுமா? உனக்குக் கஷ்டமாக இருந்தால் வர வேண்டாம். நிஜமாகத்தான் சொல்கிறேன். வராவிட்டாலும் நீ என் வாலுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


செப்டம்பர் 19

அண்ணி,

நலம். டிக்கெட் எடுத்தாயிற்று. முதல் நாள் காலையில் வந்து இறங்குகிறேன். இவரும் வருகிறார், அந்த வாரத்துப் பேச்சை உங்கள் கல்யாணத்துக்காகச் சேர்த்து வைத்திருக்கிறாராம். பக்கத்துக் கடைக்காரர் சும்மா வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

வாலு


நவம்பர் 12

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். பத்திரமாக வந்து சேர்ந்தோம். நான் நலம், இவரும் நலம். உங்கள் கையால் சாப்பிட்டு வந்ததில் இருவருக்கும் சட்டை இறுகிவிட்டது. உங்கள் மறு ஸ்கேன் நேற்று வந்தது. மிகச் சுத்தம், நாக்கு எங்குமே இல்லை. டாக்டர் உங்களை மிரட்டியிருக்க வேண்டும்.

கல்யாணத்தன்று பதிவு அலுவலகத்து வராந்தாவில் நான் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன் என்றும், ஏன் என்று கேட்டதற்கு "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அன்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். இப்போது சொல்கிறேன்.

நீங்கள் இருவரும் உள்ளே அதிகாரியின் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். சாட்சிகள் விவரம் சொல்ல வேண்டும் என்று என்னை வராந்தா ஜன்னல் பக்கம் நிற்க வைத்தார்கள். அங்கே இருந்த குமாஸ்தா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"பொண்ணு வீடு."

"பொண்ணுக்கு என்ன உறவு?"

"நாத்தனார்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா நீங்க? நாத்தனார்னா மாப்பிள்ளையோட தங்கச்சி. அப்ப மாப்பிள்ளை வீடுன்னு சொல்லுங்க. காலையிலேர்ந்து எல்லாரும் இப்படிக் குழப்பறாங்க."

விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. பின்னால் நாலைந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தேன். உங்கள் நாற்காலி ஒரு பக்கம் ஆடியது போலிருக்கிறது. அவர் தரையில் மண்டியிட்டு, ஏதோ காகிதத்தை நாலாக மடித்து அதன் காலுக்கு அடியில் சொருகிக்கொண்டிருந்தார். அதிகாரி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். நீங்கள் குனிந்து அவரிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஆமாங்க" என்றேன். "மாப்பிள்ளையோட தங்கச்சிதான்."

"அப்படிச் சொல்லுங்க" என்று குமாஸ்தா எழுதிக்கொண்டார். அதற்குத்தான் சிரித்தேன்.

உங்கள் புதுத் திட்டத்தை இந்த வாரம் முடித்து அனுப்புகிறேன். ரப்பரை விடாமல் மெல்லுங்கள். முழங்காலுக்குத் தைலம் தேயுங்கள். அண்ணனுக்கு மரத்தூளால் இருமல் வருகிறது, கவனித்தேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு இழைக்கச் சொல்லுங்கள், கேட்க மாட்டார், நீங்கள்தான் மிரட்ட வேண்டும். அண்ணனை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்,
வாலு